கண்ணாடி மினுங்கினா நல்ல கடையா?

கொழும்பில் ஒரு கடையில் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று வாங்கினேன். தொட்டியெல்லாம் அப்படி மினுங்கிச்சு, நல்ல கடை எண்டு நம்பிட்டன். போட்ட தீனியை அது ஒருநாளும் தொடேல்ல. ஒன்பதாம் நாள் செத்துப்போச்சு.

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களோ அநேகமாகப் பவளப்பாறைகளில் பிடிபட்டு வருபவை. உலர்தீனியைச் சாப்பாடு எண்டே அதுகளுக்குத் தெரியாது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் உயிருள்ள பவளத்தைத்தான் கொத்தித் தின்னும். அவற்றை வீட்டுத் தொட்டிக்கு விற்பது, என்னைக் கேட்டால், அநியாயம்.

இப்ப கடைக்குப் போனால் நான் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இதுக்குத் தீனி போட்டுக் காட்டுங்கோ." சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும். வயிறு ஒட்டியிருக்கா, மூச்சு வேகமா வாங்குதா எண்டும் பார்ப்பன்.

போன மாசம் இன்னொரு கடையில் ஒரு கோமாளி மீனைக் காட்டிக் கேட்டேன். "நேற்றுத்தான் வந்தது தம்பி, இன்னும் சாப்பிடத் தொடங்கேல்ல. ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ" எண்டார் கடைக்கார அண்ணா. கண்ணாடியில் பாசி. விலையும் கூட. ரெண்டு கிழமை கழிச்சு அங்கேயேதான் போனேன்.