எங்களையும் கொஞ்சம் அழ விடுங்கள்

வடசென்னையில் நடக்கிற கதை என்று ஒரு புதுப்பட போஸ்டரைப் பார்த்தாலே எனக்கு அலுப்பு தட்டிவிடுகிறது. பின்னால் காசிமேட்டு விசைப்படகுகள். நடுவில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன், கையில் பட்டாக்கத்தி, முகமெல்லாம் ரத்தம். படம் பார்க்காமலே கதையைச் சொல்லிவிடலாம். ஒரு கொலை, அதற்கு ஒரு பழி, அந்தப் பழிக்கு இன்னொரு பழி, நடுவே ஒரு கானா பாட்டு. இரண்டரை மணி நேரம் ரத்தம் கொட்டும். பார்க்கிறவர் கண்ணில் ஒரு சொட்டு வராது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற சனம் அழுகைப் படம் பார்த்து வளர்ந்த சனம். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் ஓடியதே எங்கள் பக்கம் தங்கசாலையில்தான். பிற்பாடு முருகன் டாக்கீஸ் என்று பெயர் மாறிய கினிமா சென்ட்ரல் அது. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-ல் திறந்தது. ஆயிரம் பேர் உட்காரலாம். பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். எம்.ஜி.ஆர். படத்துக்கு விசில் பறக்கும். சிவாஜி படத்துக்கு முந்தானை நனையும். ‘பாசமலர்’ 1961-ல் வந்த படம். நான் பார்த்தபோது பிரிண்ட் கோடு கோடாகத் தேய்ந்துபோயிருந்தது. அப்போதும் கடைசி ரீல் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம்தான். மீன் விற்றுவிட்டுக் கூடையை வீட்டில் போட்டுவிட்டு ஓடிவந்த பெண்கள், விம்கோவிலும் என்ஃபீல்டிலும் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெண்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ‘தாய்க்குலங்களின் பேராதரவுடன்’ என்று விளம்பரம் போடுவார்களே, அந்தத் தாய்க்குலம் இவர்கள்தான். படத்தைச் சாக்கு வைத்துத் தங்கள் கஷ்டத்துக்கும் சேர்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அழுது முடித்த முகத்தோடு தெருவில் பேசிக்கொண்டே நடப்பார்கள், அப்படி ஒரு தெளிவு இருக்கும் அந்த முகங்களில்.

1969-ல் ‘துலாபாரம்’ வந்தது. தோப்பில் பாசி எழுதிய மலையாளக் கதை. மலையாளப் படத்தில் தாய் வேடத்துக்குத்தான் சாரதா தேசிய விருது வாங்கினார். ஆலைத் தொழிலாளியான புருஷன் கொல்லப்பட்டுவிடுகிறான். பசியில் துடிக்கிற பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்துவிட்டு அந்தத் தாய் கோர்ட்டில் நிற்கிறாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது வேறு மாநிலத்துக் கதையாகவே தெரியவில்லை. பின்னி மில்லில் கதவடைப்பு என்றால் அடுத்த வாரம் வீட்டில் உலை கொதிக்காது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அந்தப் படத்திலும் கொலை இருக்கிறது. ஆனால் கதை கொலைகாரனைத் துரத்திக்கொண்டு போகாமல், செத்தவன் வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் அதைப் பார்த்த அம்மாக்கள் இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னால் பெருமூச்சு விடுகிறார்கள்.

பெண்கள் மட்டும் அழுதார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் மாமா ஒருத்தர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சொந்த அம்மாவின் சாவுக்குக்கூட அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. 1994-ல் ‘மகாநதி’க்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்கத்தாவில் மகளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்த பிறகு, அவள் தூக்கத்தில் உளறுகிற இடம் வரும். மாமா தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டார். முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. படம் விட்டு வெளியே வந்து டீ குடித்தார், பீடி பற்றவைத்தார், வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் ஒரு மகள் உண்டு. கொக்கி போட்டு மூட்டை இழுக்கிற ஆம்பளை எங்கே உட்கார்ந்து அழுவான்? தெருவில் அழ முடியுமா, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால் அழ முடியுமா? அவனுக்கு அதற்கொரு இருட்டை தியேட்டர்தான் கொடுத்தது. அப்படி ஒரு இருட்டைக் கொடுத்த அகஸ்தியாவும் 2020-ல் மூடப்பட்டது.

எங்கள் ஊருக்கு அழத் தெரியாதோ என்று சினிமாக்காரர்கள் நினைக்கிறார்களா? சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்கள். தெருவை அடைத்துப் பந்தல், ஐஸ் பெட்டிக்குள் பிணம், சுற்றிலும் பிளாஸ்டிக் சேர். ஊர் அடங்கிய பிறகு கானா பாடுகிறவர்கள் வருவார்கள். பாட ஆரம்பிக்கும் முன்னால் வீட்டு ஆள் ஒருத்தரை ஓரமாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். செத்தவர் பேர் என்ன, சம்சாரம் பேர் என்ன, எத்தனை பிள்ளை, எங்கே வேலை பார்த்தார், எந்தப் பொண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டதையெல்லாம் அங்கேயே பாட்டில் கோத்துவிடுவார்கள். கடைசிப் பொண்ணின் பேர் பாட்டில் வரும்போது, அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் தலையில் அடித்துக்கொண்டு கதறுவாள். அவளோடு சேர்ந்து தெருவே கதறும். கானா என்றால் எங்களுக்கு முதலில் இதுதான்.

சினிமா இந்தக் கானாவைத் தூக்கிக்கொண்டு போனது. தேவா காலத்திலிருந்து எத்தனை படம், எத்தனை பாட்டு! போனவர்கள் ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பாரியை இங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். சாவு ஊர்வலத்தைக் காட்டினால்கூட பூ இறைப்பதையும் பட்டாசையும் குத்தாட்டத்தையும்தான் காட்டுகிறார்கள். ஊர்வலம் முடிந்து திரும்பிய வீட்டில் என்ன நடக்கிறது? பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் பணம் புரட்டினார்கள்? தண்டல்காரர் எத்தனையாவது நாள் வாசலில் வந்து நின்றார்? ரேஷன் கார்டில் பேர் எடுக்க அந்த அம்மா எத்தனை தடவை அலைந்தாள்? கேமரா இதற்கெல்லாம் நிற்பதில்லை. அதற்குள் அடுத்த கொலைக்குப் போய்விடுகிறது.

1948-ல் இத்தாலியில் டி சிகா ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ எடுத்தார். ரோம் நகரத்தில் போஸ்டர் ஒட்டுகிற ஒருவனின் சைக்கிள் திருடுபோகிறது. சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை. தேடித் தேடி ஓய்ந்துபோய்க் கடைசியில் அவனே ஒரு சைக்கிளைத் திருடப் பார்த்து, பெற்ற பிள்ளையின் கண்ணெதிரே மாட்டிக்கொண்டு அடிபடுகிறான். உலகமே பார்த்து அழுத படம். 2007-ல் எங்கள் சென்னையிலும் வண்டி திருடுபோகிற படம் வந்தது, ‘பொல்லாதவன்’. நல்ல படம்தான், வெற்றிமாறன் அருமையான இயக்குநர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அங்கே வண்டி போனதும் அப்பனும் பிள்ளையும் கைகோத்துக்கொண்டு அழுதார்கள். இங்கே வண்டி போனதும் ரவுடிக் கூட்டம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்திலும் வண்டி திருடுபோகிறது. வண்டி போனவன் கத்தி எடுப்பதில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்கிறான், அப்புறம் திருடுபோன வண்டிக்கே மாசா மாசம் தவணை கட்டுகிறான். அதை யாராவது எடுத்தார்களா?

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டேன். பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014-ல் வந்தபோது ஹவுசிங் போர்டு பிள்ளைகளை மனுஷப் பிள்ளைகளாகப் பார்த்தோம். ‘சார்பட்டா பரம்பரை’யில் மகன் குத்துச்சண்டைக்குப் போய்விடுவானோ என்று அந்தத் தாய் பதறி, அடித்து, அழுவாளே, அது எங்கள் வாசலில் நடப்பதுதான். ஆனால் 2021-ல் அந்தப் படம் தியேட்டருக்கு வராமல் நேராக ஓ.டி.டி.க்குப் போய்விட்டது. ஊரே சேர்ந்து பார்த்து அழ வேண்டிய படத்தை ஆளாளுக்குச் செல்போனில் பார்த்தோம். அதற்குப் பிறகும் வடசென்னை என்றால் கத்திதான். தென்மாவட்டத்து வாழைத்தார் சுமக்கிற பிள்ளைகளின் சாவுக்கு மாரி செல்வராஜ் 2024-ல் ‘வாழை’ எடுத்தார். ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைப் பிள்ளைகளுக்கு வசந்தபாலன் 2010-லேயே ‘அங்காடித் தெரு’ எடுத்துவிட்டார். எண்ணூருக்கு யார் எடுத்தார்கள்?

கதையா இல்லை இங்கே? 2023 டிசம்பர் ஒரு மாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் அடித்துக்கொண்டு வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு. வலை, படகு, நண்டு, இறால் எல்லாம் எண்ணெய். நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் ஆட்கள் மக்கிலும் வாளியிலும் அந்த எண்ணெயை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதியபோதும் இதே வாளிதான். 2023-லும் அந்த வாளிகூட மாறவில்லை.

அந்த எண்ணெயைத் துடைத்தே முடியவில்லை, டிசம்பர் 26 வந்தது. சுனாமி நினைவு நாள். பகலில் கடலோரத்தில் பால் ஊற்றி, பூப் போட்டு, 2004-ல் போனவர்களுக்காக அழுதார்கள். அன்றைக்கு நடுராத்திரி, பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் உர ஆலைக்குப் போகிற குழாயில் அமோனியா கசிந்தது. கண் எரிச்சல், மூச்சு முட்டல், வாந்தி. தூங்குகிற பிள்ளையை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு, கிழவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று தெரியாமல் சனம் ரோட்டில் ஓடியது. பகலில் கடலுக்குப் பால் ஊற்றிய கை, ராத்திரி ஈரத்துணியைப் பிள்ளையின் மூக்கில் பொத்திக்கொண்டு ஓடுகிறது. இதற்கு மேல் ஒரு திரைக்கதை வேண்டுமா? இதில் கத்தி எங்கே இருக்கிறது?

இன்னொன்று சொல்கிறேன். 2020 ஜூலையில், கொரோனா ஊரடங்கு நேரத்தில், காசிமேட்டிலிருந்து பத்துப் பேரோடு போன விசைப்படகு ஒன்று காணாமல் போனது. நாள் கணக்காகிறது, வாரக் கணக்காகிறது, தகவலே இல்லை. ஐம்பது நாளுக்கு மேல் ஆனபிறகு மியான்மர் பக்கம் இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த ஐம்பது நாளும் அந்தப் பெண்கள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படித் தூங்கியிருப்பார்கள்? சாப்பாட்டுத் தட்டு எத்தனை வைத்திருப்பார்கள்? “உங்கப்பா எப்போம்மா வரும்” என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டால் இந்தப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும்? நடிக்கத் தெரிந்த நாலு பெண்களும் ஒரு தெருவும் போதும். வேறு மொழியாக இருந்தால் இந்நேரம் படம் வந்து, நாமும் டப்பிங்கில் பார்த்து அழுதிருப்போம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடத்தில் “எந்த ஏரியா?” என்று கேட்டு, ராயபுரம், காசிமேடு என்றதும் எதிரே இருப்பவர் முகம் ஒரு நிமிஷம் மாறுவதைப் பார்த்தவர்கள் ஏராளம். கேட்கிறவர் இந்தப் பக்கம் வந்தே இருக்க மாட்டார், சினிமாவில் பார்த்திருப்பார். எங்களோடு சேர்ந்து ஒரு தடவையாவது அழுதிருந்தால் அந்த முகம் அப்படி மாறுமா?

சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், பார்க்கிற நாமும் மாறிவிட்டோம். சமீபத்தில் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். அப்பா சாகிற காட்சி. எனக்கு முன் வரிசையில் நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு அக்கா, பக்கத்தில் காலேஜ் படிக்கிற பொண்ணு. அக்கா துண்டின் முனையால் கண்ணைத் துடைத்தார். பின்னாலிருந்து பையன்கள் ‘ஊ…ஊ…’ என்று அழுவது போலக் குரல் கொடுத்தார்கள். தியேட்டரே சிரித்தது. ஒருத்தன் செல்போன் லைட்டை வேறு அடித்தான். “இன்னாம்மா, மானத்த வாங்குற” என்று பொண்ணு கிசுகிசுத்தது. அந்த அக்கா துண்டைக் கீழே இறக்கிவிட்டு நேராகத் திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் படம் முடிகிறவரைக்கும் கையைத் தூக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியும் அந்தப் பெண்ணை அழ விடவில்லையே!

அழுகைக் காட்சி வந்தால் ‘லேக்’ என்கிறார்கள், ‘கிரிஞ்ச்’ என்கிறார்கள், சீரியல் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். 2024-ல் ‘மெய்யழகன்’ வந்தது. உறவுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிற படம். நீளம் என்று சொல்லிச் சொல்லி, வெளியான சில நாளிலேயே 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வெட்டுக்குத்துப் படத்தில் ஒருவன் கத்தியைத் தீட்டிக்கொண்டு நடந்து வருவதை ஸ்லோமோஷனில் எத்தனை நேரம் காட்டினாலும் பொறுத்துக்கொள்கிறோம். ஒருத்தன் மனசு விட்டுப் பேசினால் நமக்கு நேரமில்லை. இந்தப் பொறுமையின்மையைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர்கள் கண்ணீரை நம்பிப் பணம் போடப் பயப்படுகிறார்கள்.

சினிமா எடுக்கிற தம்பிகளே, அடுத்த தடவை காசிமேட்டுக்கு லொகேஷன் பார்க்க வரும்போது படகை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஏலம் முடிந்த பிறகு கூடையோடு உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் பேசுங்கள். நெட்டுக்குப்பத்தில் வலை பின்னுகிறவர்களிடம் அந்த டிசம்பரைக் கேளுங்கள். சாவு வீட்டில் ஒரு ராத்திரி உட்காருங்கள். ரவுடியே வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனும் இங்கே இருக்கிறான். அவனைப் பெற்றவளும் இங்கேதான் இருக்கிறாள், அவள் வீட்டுக்குள் கேமராவைக் கொண்டு போங்கள். பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தியேட்டரில் பக்கத்து சீட்டில் யாராவது அழுதால் சிரிக்காதீர்கள், லைட் அடிக்காதீர்கள், அழுது முடிக்க விடுங்கள்.