பழைய கம்ப்யூட்டர்: ஓட்டை மாற்றவா, வீட்டைப் பிரிக்கவா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் நீட்டிப்பு கொடுத்தது. சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0-வும் வேண்டும். 2013, 2014-இல் வாங்கிய நம் வீட்டு டெஸ்க்டாப்புகளுக்கு இது ஆகாது. உடனே ஆளாளுக்கு "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நம்ம ஊர் ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள் மக்களே. ஐப்பசி மழையில் ஒழுகினால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றுவோம். கழுக்கோலைக் கரையான் அரித்திருந்தால்தான் கூரையைப் பிரிப்போம். கம்ப்யூட்டருக்கும் இதே கணக்குதான்.

பழைய கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கப் பெரும்பாலும் காரணம் பிராசஸர் அல்ல, ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டில் ஊசி இடம் தேடிப் போய்ப் படிக்க வேண்டும். நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் முடியும். எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் செய்யும். அதை மாற்றினாலே பாதிப் பிரச்சனை தீரும். நாளைக்குப் புதுசு வாங்கினாலும் அதைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், காசு வீணாகாது. ஆனால் டிடிஆர்3 ராம் புது போர்டில் ஏறாது. 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் செகண்ட் ஹேண்டில் இன்னொரு 4 ஜிபி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

கழுக்கோல் என்பது மதர்போர்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும், போர்டு எம்மாத்திரம்? கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால், நல்ல எஸ்எம்பிஎஸ் மாட்டியும் தானாக அணைந்தால், செலவு செய்யாதீர்கள். ஆனால் தேதி தப்பாகக் காட்டுவதும் அதனால் வெப்சைட் திறக்காததும் பெரும்பாலும் 2032 பேட்டரி தீர்ந்த கோளாறுதான். டிஸ்ப்ளே வரவில்லையா? ராமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். இவற்றுக்காக சிஸ்டத்தையே மாற்றுவது அநியாயம்.

விண்டோஸுக்கு என்ன செய்ய? லினக்ஸ் போடுங்கள். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடங்களாக அதுதான் ஓடுகிறது. ஐந்தாறு வகுப்புப் பிள்ளைகளே ஓட்டும்போது நமக்கென்ன பயம்? தமிழில் டைப் செய்ய, பிராஜெக்ட் ரிப்போர்ட் எழுத, புரோகிராம் பழக, படம் பார்க்க எல்லாமே நடக்கும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் வைத்துப் படிக்கும் மெக்கானிக்கல், சிவில்காரர்களும் வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் புதுசுக்குத்தான் போக வேண்டும். ரிப்பேர் செலவு புதுசின் விலையில் பாதியைத் தொட்டாலும் அப்படியே.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. இப்படி எப்போது எது விலை ஏறும் என்று தெரியாத சந்தையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மெஷினை ஆக்கர் கடைக்கு எடைக்குப் போடுவது புத்திசாலித்தனமா? கடனை வாங்கிப் புதுசு எடுப்பதற்கு முன், வீட்டில் சம்பாதிப்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கேபினைத் திறந்து பாருங்கள். போனது ஓடா, கழுக்கோலா என்று தெரிந்துவிடும்.