குழியில் இறங்காத ஆய்வுகள்

வயிற்றுப்பாட்டுக்கு வங்கிக் கவுன்ட்டர், ஞாயிற்றுக்கிழமைக்குக் கவிதை. இதுதான் நான். சில வருஷங்களுக்கு முன் ஒரு அம்மா பத்து லட்ச ரூபாய் இழப்பீட்டுக் காசோலையோடு கணக்குத் தொடங்க வந்தார். புருஷன் செப்டிக் டேங்க் கழுவ இறங்கி அதற்குள்ளேயே போனவர். மஞ்சப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பரப்பினார். எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, அதற்கடியில் பதினாறு பக்க வினாப்பட்டியல் ஒன்று, முழுக்க இங்கிலீஷில்.

"இதுவும் பேங்குக்கு வேணுமா சார்? காலேஜ்லேர்ந்து நாலு பேர் வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. திரும்பி ஒருத்தரும் வரல. என்னதான் கேட்டிருக்காங்கன்னு நீங்களாச்சும் படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். வீட்டில் கழிப்பறை உண்டா, இறந்தவருக்குக் குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் இருந்தது. அவரை வீட்டுக்கு வந்து கூப்பிட்டது யார், மூடியைத் திறந்துவிட்டு மேலே நின்றது யார் என்ற கேள்வி பதினாறு பக்கத்திலும் இல்லை. சொன்னபோது அந்த அம்மா, "அதத்தான சார் நான் சொல்லிச் சொல்லி அழுதேன்" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் வரும் ஆய்வுகளைத் தேடிப் படிக்கிறேன். ஒரு சாவைச் சட்டம், மருத்துவம், போக்குவரத்து, சமூகவியல் என்று கூறு போட்டுப் பங்கு வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு கூறு. சாதி மட்டும் யார் பங்கிலும் விழவில்லை.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1993 இல் ஒரு சட்டம், அது பெரும்பாலும் எடுப்புக் கக்கூஸைப் பற்றியது. 2013 இல் இன்னொன்று. சாக்கடை, செப்டிக் டேங்க் சாவுக்குப் பத்து லட்சம் என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 இல் அதை முப்பது லட்சமாக்கியது. இவ்வளவும் இருக்க, கையால் மலம் அள்ளியதால் செத்ததாகத் தகவலே இல்லை என்று 2021 இல் ஒன்றிய அமைச்சர் மாநிலங்களவையில் பதில் சொன்னார். பொய் என்று சொல்லிவிட முடியாது. தந்திரம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 'மலம் அள்ளுவது' ஒரு தலைப்பு, 'அபாயகரமான சுத்தப்படுத்தல்' வேறொரு தலைப்பு. செத்தவர்களையெல்லாம் இரண்டாவதில் எழுதிவிட்டால் முதலாவதில் பாக்கி பூஜ்யம். லெட்ஜரில் நான் இந்த வேலையைச் செய்தால் மறுநாளே சார்ஜ் ஷீட் வரும்.

போதாததற்கு, அரசு அறிவிக்கும் கருவியும் கவசமும் கொண்டு பீயைச் சுத்தம் செய்கிறவர் மலம் அள்ளுபவராகவே கருதப்பட மாட்டார் என்று 2013 சட்டத்தில் ஒரு விளக்கம். ஒரு ஜோடி கையுறையில் ஆள் கணக்கிலிருந்து மறைந்துவிடலாம்.

மருத்துவ ஆய்வு விஷவாயுவைப் பற்றித் துல்லியமாகப் பேசுகிறது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று இன்னும் இரண்டு படி இறங்குகிற இடத்தில்தான் சாவு. அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மேலே வருவதில்லை. இந்த அறிவு நமக்கு வேண்டும், சேரிக்குச் சேரி சொல்லவேண்டிய அறிவு அது. ஆனால் அறிக்கை 'மூச்சுத்திணறல்' என்று முடிந்துவிடுகிறது. அந்த மூச்சு ஏன் எப்போதும் நம்ம தெருவு மூச்சாகவே இருக்கிறது என்பது மருத்துவரின் கேள்வி இல்லையாம்.

போக்குவரத்துக்காரர்களின் கதை இன்னும் நன்றாக இருக்கும். ரயில் கக்கூஸ் பல தலைமுறையாக நேரே தண்டவாளத்தில் திறந்தது. அதைக் கூட்டியள்ளியவர்கள் யாரென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2012 இல் அனில் காகோத்கர் குழு ரயில் பாதுகாப்பு பற்றிக் கொடுத்த அறிக்கையில், கழிவு விழுந்து தண்டவாளம் அரிக்கப்படுவது பாதுகாப்புப் பிரச்சினையாக இடம்பெற்றது. பிறகு பயோ டாய்லெட் வந்தது. வந்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. எங்க ஆளுங்க கை அரித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்த அவசரம் எங்கே போயிருந்தது?

சமூகவியல்காரர்களை விட்டுவிட முடியாது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு கூட்டத்துக்கு, தகவல் திரட்டும் கூலி வேலை இன்னொரு கூட்டத்துக்கு என்று கோபால் குரு 2002 இலேயே எழுதினார். அதைப் படித்துவிட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றும் வெட்கப்பட்டுவிடவில்லை. ஒரு தலித் மாணவர் ஆய்வுக்குப் போனால் "உங்க கம்யூனிட்டியப் பத்தியே பண்ணுங்களேன்" என்கிறார்கள். பண்ணினால் "இதில் பற்று அதிகம், பாரபட்சமின்மை குறைவு" என்கிறார்கள்.

அண்ணல் இப்படித் துறை பிரித்துக்கொண்டு உட்காரவில்லை. 1916 இல் கொலம்பியாவின் மானிடவியல் கருத்தரங்கில் சாதியைப் பற்றிக் கட்டுரை படித்தவர், 1923 இல் லண்டனில் ரூபாயின் பிரச்சினையை ஆய்வாக்கினார், கூடவே பாரிஸ்டர். தினமும் ரூபாயை எண்ணுகிற எனக்கு அந்த ரூபாய்ப் புத்தகத்தின் மேல் ஒரு தனி உரிமை உண்டு. அது கிடக்கட்டும்.

மாணவத் தோழர்களே, ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நிறையச் செய்யுங்கள். சட்டம் படிக்கிறவர், ஒப்பந்தக்காரர் மீது பதிவான வழக்கு எந்தப் படியில் செத்துப்போகிறது என்று ஒரே ஒரு மாவட்டத்துக்காவது பின்தொடர்ந்து பாருங்கள். மருத்துவம் படிக்கிறவர், உயிர் தப்பி வந்தவர்களின் நெஞ்சைப் பத்து வருஷம் தொடர்ந்து பாருங்கள். பொறியியல் படிக்கிறவர், மனுசன் இறங்கமுடியாதபடி மூடியை வரையுங்கள். முடித்ததும் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுதி, தகவல் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அவர்கள் தப்பு என்று சொல்வதைத் திருத்துங்கள்.

அந்த அம்மாவின் வினாப்பட்டியல் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வேண்டுவோர் இதழ் முகவரிக்கு எழுதினால் நகலெடுத்து அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.