சொட்டுகிற குழாய்க்கு யார் பொறுப்பு?



2024 மார்ச்சில் பெங்களூரின் பல போர்வெல்கள் வற்றியபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அடுக்குமாடிகளிலும் கடைகளிலும் குழாய் முனையில் நீரோட்டத்தைக் குறைக்கும் ஏரேட்டர் பொருத்தச் சொன்னதும் அப்போதுதான். நல்ல உத்தரவு. ஆனால் பராமரிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் ஏரேட்டர் சல்லடை சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நூலாக வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

ஃப்ளஷ் டேங்க் கசிவு இதைவிட மோசம், சத்தமே கேட்காது. டேங்க் தண்ணீரில் கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட வேண்டும். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினாலே நாளுக்குச் சுமார் 20 லிட்டர் வீண். அதுவும், சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மின்சாரம் செலவழித்து மேலேற்றி வரும் காவிரி நீர்!

குடியிருப்போர் சங்கங்கள் கோடைக்கு முன்பே பிளம்பரை வீடு வீடாக அனுப்பிச் சோதிக்க வேண்டும்.

– ஒரு வாசகர், பெங்களூரு