பீரங்கிக் கப்பலும் தையல் பெட்டியும்

"வாருங்கள், கப்பல் கட்டலாம்" என்று நான் கூப்பிட்டால் சகோதரிகளில் பாதிப் பேர் சிரித்துவிடுவீர்கள். ஸ்வெட்டர் பின்னுவது, மணி வேலை, துணிப் பொம்மை என்று எத்தனையோ கைவேலைகளை இந்தப் பகுதியில் பார்த்தாகிவிட்டது. இந்த இதழில் கொஞ்சம் விசித்திரமான ஒன்று. பழைய காலத்துப் பாய்மரப் போர்க்கப்பலை மரத்திலேயே, சின்ன அளவில், நம் கையால் கட்டுவது! இதற்கு வேண்டிய மரம், நூல், குட்டி பீரங்கி, வரைபடம் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் 'கிட்' என்று விற்கிறார்கள். இங்கிலாந்து, இத்தாலி, ஸ்பெயின், டென்மார்க் போன்ற நாடுகளின் தயாரிப்புகள் இவை.

கடையில் போய்க் கேட்டால், "பையனுக்கா, ஸாருக்கா?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரு கப்பலை முழுதாகக் கட்டி முடித்த தைரியத்தில் சொல்கிறேன்: இந்த வேலைக்கு வேண்டிய சாமர்த்தியத்தில் முக்கால் பங்கு நம் விரல்களில் ஏற்கெனவே இருக்கிறது. கருவிகளில் பாதி நம் தையல் பெட்டியிலேயே கிடக்கிறது.

எந்தக் கப்பலை எடுப்பது? எல்லோருக்கும் ஆசை 'விக்டரி' மேல்தான். 1765-இல் நீரில் இறக்கப்பட்டு, 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சனைச் சுமந்த கப்பல். 104 பீரங்கிகள், 800-க்கு மேற்பட்ட ஆட்கள், சுமார் 26 மைல் நீளக் கயிறு! இன்றும் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கிறது. ஆனால் இட்லி வார்க்கப் பழகுகிறவள் முதல் நாளே கல்யாணச் சமையலுக்குக் கரண்டி பிடிக்கலாமா? விக்டரியைக் கட்ட வருஷக்கணக்கில் ஆகும். முதல் தடவைக்கு ஒற்றைப் பாய்மரமுள்ள 'கட்டர்' வகைதான் சரி. நான் எடுத்தது 1763-ஆம் வருஷத்து 'ஷெர்போர்ன்' என்ற சிறு போர்க்கப்பல். அளவு 64-இல் ஒரு பங்கு. அதாவது, 5 அடி 4 அங்குல உயரமுள்ள பெண்மணி இந்தக் கப்பலின் தட்டில் ஏறி நின்றால் சரியாக 1 அங்குலம் இருப்பாள்!

இந்தக் கட்டர்களுக்கு என்ன வேலை தெரியுமோ? இங்கிலாந்தின் கரையோரத்தில் கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்துவது. அவர்கள் கடத்தியது தங்கமோ வைரமோ அல்ல. பிராந்தி, லேஸ், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலை! அந்நாளில் தேயிலை வரி விலையைவிட அதிகம், 100 சதவிகிதத்துக்கு மேல். 1784-இல் அதை 12½ சதவிகிதமாகக் குறைத்த பிறகுதான் தேயிலைக் கடத்தல் படுத்தது. சமையலறை டப்பாவுக்குள் இருக்கும் பொருளுக்காகப் பீரங்கியோடு கப்பல் ஓடியிருக்கிறது, பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் எலும்புக்கூடு. மீனின் நடுமுள் போல ஓர் அடிமரம். அதில் வரிசையாக விலா எலும்பு போலப் பிளைவுட் துண்டுகள். இவை ஒவ்வொன்றும் நேராக, செங்குத்தாக நிற்க வேண்டும். இந்தக் கட்டத்தில் அரை மில்லிமீட்டர் கோணினாலும் கடைசியில் பாய்மரம் சாய்ந்து நிற்கும். ஆகவே பசை காய்வதற்கு முன் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். பையனின் ஜியோமெட்ரி பெட்டி எதற்கு இருக்கிறது?

அடுத்து, இந்த விலாக்களின் மேல் மெல்லிய மரக் கீற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டிப் போர்த்த வேண்டும். உலர்ந்த கீற்றை வளைத்தால் 'டப்'பென்று ஒடியும். வெந்நீரில் அரை மணி ஊற வைத்தால் வெண்டைக்காய் மாதிரி வளைந்து கொடுக்கும். வளைத்த கீற்றைத் துணிக் கிளிப்பால் இடுக்கிக் காய விட்டு, அப்புறம் ஒட்டுங்கள். ஒரு பக்கம் ஒரு கீற்று, மறுபக்கம் ஒரு கீற்று என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரே பக்கத்தை முதலில் முடித்துவிட்டால் காய்கிற மரம் இழுத்து, கப்பலின் முதுகெலும்பே கோணிவிடும். முதல் போர்வை சற்று மேடு பள்ளமாக இருந்தால் கவலை வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, அதன் மேல் வால்நட் மரத்தில் இரண்டாவது போர்வை. மூலை முடுக்குகளுக்கு நகம் தேய்க்கும் அட்டையைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை.

மேல்தட்டுப் பலகைகளை ஒட்டுமுன் அவற்றின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். நிஜக் கப்பலில் பலகை இடுக்குகளில் பழைய கயிற்று நாரைத் திணித்துத் தார் ஊற்றுவார்கள். அந்தக் கறுப்புக் கோடுதான் இந்தப் பென்சில் கோடு.

மரம் என்றதும் ஒரு விஷயம். விக்டரிக்குச் சுமார் 6,000 மரங்கள் விழுந்தன, பெரும்பாலும் ஓக். இப்படி வெட்டி வெட்டி இங்கிலாந்தில் ஓக் அருகிப் போகவே, நம் பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்ஸிக் கைவினைஞர்கள் தேக்கில் போர்க்கப்பல்கள் கட்டிக் கொடுத்தார்கள். 1817-இல் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதக்கிறது. அதன் பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமலி', அதாவது நம் திருகோணமலை! இருநூறு வருஷம் கடந்தும் தேக்கு தேக்குதான்.

உடல் முடிந்து பாய்மரம் நட்டதும், ஆண்கள் பலர் மலைத்துப்போகும் இடம் வருகிறது: கயிறு கட்டுவது. நமக்கோ அதுதான் பிறந்த வீடு! மாலுமிகள் ஏறும் நூலேணிக்கு ஒவ்வொரு படியும் ஒரு நூல், ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. படிக்குப் படி 5 மில்லிமீட்டர் இடைவெளி. நூறு, இருநூறு முடிச்சு என்று போய்க்கொண்டே இருக்கும். பூத் தொடுக்கும் கைக்கு இதன் சூட்சுமத்தைச் சொல்லித்தர வேண்டாம். இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ உதிரும், அதே கணக்குதான். இங்கே இறுக்கினால் ஏணி நடுவில் இடுப்பு ஒடுங்கிவிடும். நூலை முதலில் தேன் மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் பிசிறு படிந்து வழவழப்பாகும். பாய்க்கு மெல்லிய பருத்தித் துணி. அதன் புது வெள்ளை கண்ணைக் குத்தினால், லேசான தேயிலை டிகாக்‌ஷனில் நனைத்து உலர்த்துங்கள். நாள்பட்ட பாயின் நிறம் வந்துவிடும். தேயிலைக் கடத்தலைத் தடுத்த கப்பலுக்குத் தேயிலைச் சாயம், பொருத்தம்தானே!

பக்கத்து வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, ஒருநாள் நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, சண்டைக் கப்பல்ல பொம்பளைக்கு என்ன வேலை?" என்றாள். "அங்கேயும் நாம இருந்திருக்கோம்டி. உட்காரு, சொல்றேன்" என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பெண்கள் கடலுக்குப் போகச் சட்டப்படி அனுமதி இல்லை. ஆனாலும் கேப்டன்கள் கண்டும் காணாமல் விட, சில மாலுமிகளின் மனைவிமார் கூடவே போனார்கள். பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை, சம்பளம் இல்லை, தனியாக ரேஷனும் இல்லை. பீரங்கிக்கும் பீரங்கிக்கும் இடையில் துணியைத் தொங்கவிட்டால் அதுதான் வீடு. போர் வந்தால் வெடிமருந்து எடுத்துக் கொடுத்தார்கள், காயம்பட்டவர்களைக் கவனித்தார்கள். 1798-இல் நைல் போரில் 'கோலியாத்' கப்பலில் இருந்த ஜான் நிகல் என்ற மாலுமி தன் வாழ்க்கைக் கதையில் இதை எழுதியிருக்கிறார். குண்டு பொழிந்துகொண்டிருந்த போதே அந்தக் கப்பலில் ஒரு பெண் ஆண் குழந்தை பெற்றாளாம்! ஆஸ்பத்திரியில் ஃபேன் நின்றால் தவித்துப்போகிறோமே, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பழைய போர்களில் பங்குகொண்டு உயிரோடு இருந்தவர்களுக்கு 1840-களின் கடைசியில் பதக்கம் தருவதாக அறிவித்தார்கள். நைல் போரில் இருந்த ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி, டிரஃபால்கரில் இருந்த ஜேன் டவுன்ஷெண்ட் ஆகியோரும் மனுச் செய்தார்கள். இவர்களுக்குக் கொடுத்தால் இதே மாதிரி இன்னும் நிறைய மனுக்கள் வருமே என்று காரணம் காட்டி நிராகரித்துவிட்டார்கள். ஆனால் 1794-இல் 'டிரிமெண்டஸ்' கப்பலில், போரின் நடுவே பிறந்த டேனியல் மெக்கென்ஸிக்குப் பதக்கம் கிடைத்தது. கப்பலில் அவன் வகித்த பதவி என்று எழுதப்பட்டது: 'குழந்தை'! பிறந்தவனுக்குப் பதக்கம் உண்டு. அந்தப் புகையிலும் சத்தத்திலும் பெற்றவளுக்கு இல்லை. இதைப் படித்த பிறகு, வண்டிச் சக்கரத்தோடு அந்தக் குட்டி பீரங்கிகளை ஒட்டும்போதெல்லாம், இரண்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தை நான் வெற்றிடமாகப் பார்ப்பதில்லை.

இனி, கைக்குழந்தை உள்ள தாய்மார்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியவை:

• உப்புத்தாள் போடும்போது பறக்கும் மரத்தூள் மூச்சுக்கு ஆகாது. மூக்கு, வாயை மூடும் மாஸ்க் அணியுங்கள். குழந்தை படுக்கும் அறையில் இந்த வேலை கூடவே கூடாது. முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

• மரத்துக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். நொடியில் ஒட்டும் பசையைப் பயன்படுத்தினால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதன் நெடி கண்ணை எரிக்கும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள்.

• குட்டி ஆணி, குண்டு, வளையம் எல்லாம் தவழும் குழந்தையின் வாய்க்கு அளவெடுத்தவை! எடுத்ததை எண்ணி, மூடி உள்ள டப்பாவில் போட்டு, உயரத்தில் வையுங்கள். பிளேடுக்கும் அதே இடம்தான்.

• பழைய கிட்களில் உலோக உருப்படிகள் சில ஈயம் கலந்தவை. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தைக்குச் சாதம் பிசையாதீர்கள்.

• விளக்கு இடது தோளுக்கு மேலிருந்து விழட்டும். இடக்கைக்காரர்களுக்கு வலது தோள். கால் மணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியே தூரத்து மரத்தைப் பாருங்கள். கண்ணும் கழுத்தும் வாழ்த்தும்.

செலவு? சின்னக் கப்பலுக்கே ஒரு நல்ல பட்டுப் புடவை விலை ஆகும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் தினம் ஒரு மணி வீதம் உட்கார்ந்து எனக்கு எட்டு மாதம் ஓடியது. எட்டு மாதப் பொழுதுக்கு அது அதிகமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். முதல் கப்பலை வாங்குமுன் ஒரு மீட்டர் நூலும் தேன் மெழுகும் எடுத்து, நாற்காலிக் காலில் நூலேணி ஒன்று கட்டிப் பாருங்கள். அது பிடித்திருந்தால் கப்பலும் பிடிக்கும்.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் வேலைகளெல்லாம் அன்றன்றே கரைகிறவை. காலையில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் மிதிபடுகிறது. தேய்த்த பாத்திரம் ராத்திரி மறுபடி தொட்டிக்கு வருகிறது. மடித்த துணி நாளை அழுக்காகிறது. குறை சொல்லவில்லை, குடும்பம் என்றால் அப்படித்தான். ஆனால் இன்று போட்ட முடிச்சு நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்கிற ஒரு வேலையும் பெண்ணுக்கு வேண்டும். குழந்தை தூங்கும் அந்த ஒரு மணியில் நாலு முடிச்சு விழுந்தால் போதும். எட்டு மாதம் கழித்து அலமாரியில் ஒரு கப்பல் நிற்கும். கட்டி முடித்ததும் அதன் அடிப்பலகையில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் எழுத மறந்துவிடாதீர்கள், சகோதரிகளே. அந்தக் காலத்துப் பட்டியல்களில் விட்டுப்போனது போதும்.