எட்டிப் பார்ப்பவரும் எதிரே உட்கார்ந்தவரும்

2005 ஏப்ரலில் புனே போலீஸ் ஒரு கால்சென்டர் மோசடியில் சிலரைக் கைது செய்தது. எம்ஃபாசிஸ் நிறுவனத்தின் எம்சோர்ஸ் மையத்தில் சிட்டிபேங்கின் அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பேசியவர்கள், உதவுவதுபோல் ரகசிய எண்களைக் கறந்து, சுமார் 3.5 லட்சம் டாலரைப் புனேக் கணக்குகளுக்குத் திருப்பிவிட்டார்கள் என்பது புகார். உள்ளே போகவும் வெளியே வரவும் சோதனை இருந்த இடம் அது. எண்களை மனப்பாடமாகக் கொண்டுபோயிருக்க வேண்டும் என்று அன்று பேசப்பட்டது.

இன்று ரகசியத்தைக் காக்கும் அதே வேலைக்கு முகமறியும் திரைகள் வந்துவிட்டன. 2017-இல் வந்த ஐபோன் எக்ஸ், உரியவர் முகம் தெரியும்வரை அறிவிப்புகளின் உள்ளடக்கத்தை மறைத்தது. அதே ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள், தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் கண்ணைக் கண்டுபிடிக்கும் செயலியைக் காட்டினார்கள். 2019-இல் வந்த நெஸ்ட் ஹப் மேக்ஸ் என்ற வீட்டுக்கூடத்துத் திரை, தன் முன் யார் நிற்கிறாரோ அவருடைய நாட்காட்டியை மட்டும் காட்டும்.

மருத்துவமனைப் பதிவு மேசைக்கும் வங்கி கவுன்டருக்கும் இது நல்ல ஏற்பாடுதான். அங்கே வரிசையில் நிற்பவரெல்லாம் திரையைப் படிக்கிறார்கள். ஆனால் புனேயில் திருடியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் எட்டிப் பார்த்தவர்கள் அல்ல. சரியான முகத்தோடு சரியான நாற்காலியில் இருந்தவர்கள். எந்தக் கேமராவும் அவர்களுக்குத் திரையைத் திறந்தே விட்டிருக்கும்.

இன்னொன்று: அந்நியரை அடையாளம் காண, கேமரா எல்லோரையும் பார்த்தாக வேண்டும். டீ கொண்டுவரும் பையனிடம் யார் சம்மதம் கேட்டது?