ஆயுள் லைசென்ஸ் யாருக்கு?

ஐக்கிய அமெரிக்காவின் ராஜ்யங்கள் சில வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஆயுட்கால லைசென்ஸ் விற்கின்றன. இது நியாயமென்பார் பலர்; நாம் மறுக்கின்றோம்.

டெக்ஸாஸ்வாசிக்கு இரண்டும் சேர்ந்த வருஷ லைசென்ஸ் 68 டாலர். ஆயுள் லைசென்ஸ் 1,800 டாலர். ஆகவே 27 வருஷங்கள் கழிந்தபின் பணக்காரனுக்கு வேட்டை இனாம்! இடையே கட்டணம் உயரினும் அவனைத் தீண்டாது. மொத்தமாய்க் கட்ட வகையற்ற கூலிக்காரனே வருஷந்தோறும் அவ்வுயர்வைச் சுமப்பான்.

"அம்முன்பணம் வனவிலங்குகளைக் காக்குமே" என்பீர்களாயின், 1981-இல் வட கரோலினா ஏற்படுத்திய நிதியைப்போல முதலைத் தொடாது வட்டியை மட்டுமே செலவிடுதல் வேண்டும். அதுவும் பாதி நியாயமே. வனவிலங்கு அந்நாட்டில் பொதுஜனங்களின் சொத்து. ஏழை தவணையில் செலுத்த வழியில்லாத ஆயுள் லைசென்ஸ் செல்வனுக்கு விட்ட மானியமன்றி வேறென்ன? தோழர்களே, சிந்தியுங்கள்!